புள்ளி வேற, புள்ள வேற

பாரூக் மகனோடு ஓட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்டு நிருஷா முன்பள்ளி வாசலிலேயே நின்றாள்.

அவள் மகள் யதுராவுக்கு இன்று முதல் நாள். அழுவாள் என்று நினைத்திருந்தாள். யதுரா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திரும்பியும் பாராமல் உள்ளே போய்விட்டாள்.

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சின்னமுத்து அம்மை பரவுகிறது என்று கதை வந்தபோது, ஆசிரியை மஸாஹிரா பெற்றோரைக் கூட்டி நிருஷாவைப் பேச வைத்தார். நிருஷா பேராதனையில் கணிதம் படிப்பிப்பவள். ஒரு நோய் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை.

பிள்ளைகளைத் திரையில் புள்ளிகளாகக் காட்டினாள். சிலர் தடுப்பூசி போடாமல் விட்டால் நோயின் சிவப்பு பரவிக்கொண்டே போயிற்று. எல்லாரும் போட்டு, காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அது ஓரிடத்திலேயே நின்றது. ஊசி போட முடியாத ஒரு பிள்ளை நடுவில் இருந்தாலும் அதற்குத் தொற்றவில்லை.

பாரூக் எழும்பினார். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். மூத்த மகள் ஏதோ ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாளாம்.

"புள்ளி வேற, புள்ள வேற, மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு தகப்பன்மார் போனார்கள்.

சனம் நோயைக் கண்டு பயந்தால்தான் மனம் மாறும் என்றே நிருஷா தன் கணக்கில் எழுதியிருந்தாள். நோயோ இந்தத் தெருவுக்கு வரவேயில்லை.

ஆனால் நேற்று மஸாஹிரா போன் எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் ஊசி போட்டாயிற்று, யதுராவை அனுப்பலாம் என்றார். பாரூக்கின் மகன் ஹுதைபாவுமா என்று நிருஷா இரண்டு தரம் கேட்டாள். அவனும்தான். ஏனென்று மஸாஹிராவுக்குத் தெரியவில்லை.

பாரூக் மகனை உள்ளே அனுப்பிவிட்டு அவளருகே வந்தார்.

"கணக்கு விளங்கினதோ, நானா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"கணக்கு வெளங்கல்ல மிஸ். கூட்டத்துக்குப் பொறகு உம்மாவ ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போன நேரம் உங்களக் கண்டேன். மகளத் தூக்கிக்கிட்டு கேன்சர் வார்டுக்குள்ள போனீங்க."

நிருஷா உள்ளே இருந்த மகளைப் பார்த்தாள்.

யதுராவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. தொப்பிக்குக் கீழே முடிகூட வளரத் தொடங்கியிருந்தது. முன்பள்ளிக்கு விடலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஊசியை மட்டும் இன்னும் சில மாதத்துக்கு அவளுக்குப் போட முடியாது. அதை நிருஷா மஸாஹிராவுக்கு மட்டுமே சொல்லியிருந்தாள்; கூட்டத்தில் சொல்லவில்லை. சனம் மகளைப் பாவம் பார்த்துப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

உள்ளே ஹுதைபா தன் பக்கத்துக் கதிரையை யதுராவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மத்த ரெண்டு பேரயும் நான்தான் புள்ளைகளோட ஊசி போடக் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றார் பாரூக்.

"யதுராவைப் பற்றி அவைக்கும் சொன்னீங்களோ?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"மிஸ்ட கணக்கு சரிதான், எனக்கு நல்லா வெளங்கிட்டு எண்டு சொன்னேன்."