ஒரு சொல்லுக்கு விளக்கம்

“இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கன்னு சம்பளம் குடுத்தா, ஊரைக் கூட்டச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?”

பெண்களுக்கான ஆங்கிலப் பயிற்சி மையத்தின் முதலாளி மேஜையைத் தட்டினார். எதிரே நின்ற டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நேற்றைய பாடத்தில் ‘க்ரை’ என்ற சொல் வந்தது. ‘அழு’ என்று பலகையில் எழுதிவிட்டு நகர டீச்சருக்கு மனம் வரவில்லை. ஆதியில் அது அழுகையே இல்லை, கூப்பாடு. ஊர்க்காரர்களை உதவிக்கு அழைக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு, கண்ணீர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று விளக்கியிருந்தார்.

வகுப்பு முடிந்து போன பெண்கள், பக்கத்துத் தெரு வீடு ஒன்றில் ஒரு பெண் அழுவதைக் கேட்டு நின்றிருக்கிறார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். நேற்று மட்டும் மொத்த வகுப்பும் கதவைத் தட்டி, உள்ளே போய் அவளோடு உட்கார்ந்துவிட்டது. வெளியே போயிருந்த வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து கொதித்துப்போய், காலையில் இங்கே வந்து கத்திவிட்டுப் போனாராம்.

“கோபத்துல ஒரு அடி அடிச்சதுக்கு ஊரே வந்து உக்காருமா?” என்றார் முதலாளி.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடிக்கிறவருக்கு ரோஷம் வேறயா சார்?”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். பாவம், மானஸ்தன். ராத்திரி முழுக்கத் தூங்கல. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

இந்த வேலையை நம்பித்தான் டீச்சர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் பேனாவைத் தொடக் கை கூசியது. அடித்தவனிடம் அவர் மன்னிப்புக் கேட்பதா? என்ன நியாயம் இது?

“எழுத மாட்டேன். அவரையே இங்க வரச் சொல்லுங்க. வகுப்புல எல்லார் முன்னாடியும் பதில் சொல்றேன்.”

“அவர் எதுக்கு இங்க வரணும்? அதெல்லாம் வர மாட்டார்,” என்றார் முதலாளி அவசரமாக.

அதற்குள் வகுப்புப் பெண்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். முன்னால் வந்த தையற்காரம்மா, கன்னம் வீங்கிய ஒரு பெண்ணைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

“டீச்சர், நேத்து அழுதது இவங்கதான். நம்ம கிளாஸ்ல சேரணுமாம்.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் முதலாளி வெளிறிப்போய் எழுந்து நின்றார்.

“வெளிய பூட்டிச் சாவியை எடுத்துட்டுத்தானே வந்தேன்,” என்றார் அந்தப் பெண்ணிடம். “நீ எப்படி வந்தே?”