இடப் பக்கத்து நாற்காலி

“இந்த மாசம் தாண்டறதே கஷ்டமாம்கா உனக்கு,” என்று அக்காவின் இடது காதில் கிசுகிசுத்துவிட்டுத் தங்கை எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து வலப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். “முகமே தெளிஞ்சிருக்கு பாரேன்! அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்னாரு டாக்டர்,” என்றாள் சிரித்தபடி.

“உனக்குப் பொய் சொல்ல வராதுடி. மூக்கு விடைச்சுக்கும்,” என்றாள் அக்கா, பாதி வாயால்.

“ஆமா, நீ கண்ட!”

ஆஸ்பத்திரி அறையில் தினமும் நடப்பதுதான் இது. பொய்யெல்லாம் வலது காதுக்கு, உண்மையெல்லாம் இடது காதுக்கு. இடது காதுதான் கேட்காமல் போய் ஒரு மாதமாகிறதே!

கழுத்தில் வந்த நிணநீர்ப் புற்றுநோய் மருந்துக்குக் கரைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்ட சமயத்தில், அது சத்தமில்லாமல் மூளை நரம்புகளுக்கு ஏறியிருந்தது. முதலில் காது அடைத்தது. அப்புறம் அதே பக்கம் வாய் கோணிக்கொண்டது, இமை மூடமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. கியர் தப்பாக விழுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்து, “வண்டிய நிறுத்துடி!” என்று அலறுகிறவள். அவளைப் போய் இப்படி முடக்கிப் போட்டுவிட்டதே, பாழாய்ப்போன வியாதி!

தங்கைக்குச் சொல்லி அழ வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்கு அம்மாவாய் இருந்து வளர்த்தவள் அக்காதான். எந்தக் கஷ்டத்தையும் இவளிடம்தான் கொட்டிப் பழக்கம். உள்ளேயே வைத்துக்கொண்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால் கேட்காத காதைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று அக்காவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தங்கையை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“ஏதாவது மாற்றம் தெரியுதாம்மா?”

“இல்ல டாக்டர். அப்படியேதான் இருக்கா.”

“முதுகுத்தண்டுல போடற ஊசி வேலை செஞ்சிருந்தா இதுக்குள்ள ஏதாவது ஒரு நரம்பு திரும்பியிருக்கணும். வாயோ, கண்ணோ, காதோ... ஒண்ணுமே காணோம். இனிமே போட்டா வலிதான் மிச்சம். நிறுத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. மத்தவங்களப் பார்த்துட்டு வரேன், யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளே வந்தாள் தங்கை. அக்கா வலது கன்னம் தலையணையில் பதிய ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்லதாய்ப் போயிற்று என்று நாற்காலியை இடப் பக்கம் இழுத்துப் போட்டுக் குனிந்தாள்.

“என்னை மன்னிச்சிடுக்கா. ஊசி வேணாம்னு சொல்லப் போறேன். மருந்து கேக்கலையாம். உன்னை இன்னும் குத்திக் குத்தி வதைக்க எனக்கு மனசு வரல. நீ போறதுக்கு நானே சரின்னு தலையாட்டப் போறேன், பாவி.”

மூடாத கண்ணிலிருந்து நீர் கிளம்பி, மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. அது எந்நேரமும் கசிகிற கண்தான். தங்கை பஞ்சை எடுத்து மெல்ல ஒற்றினாள்.

வெளியே டாக்டரின் குரல் நெருங்கி வந்தது. தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுந்தாள்.

அவள் மணிக்கட்டை அக்காவின் கை இறுக்கிப் பிடித்தது. கோணிய வாயில் வார்த்தைகள் குழறின.

“வேணாம்னு சொல்லிடாதடி... நேத்துலேருந்து இந்தக் காது கேக்குது.”