கழுத்துக்குள் வைக்கும் பூரணம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளின் சாய்ந்த வெயில், மேசைமேல் கிடக்கும் சேவலின் வெண்ணெய் தடவிய தோலில் வழுக்குகிறது. காஸ்தோன் செஸ்ட்நட் கொட்டை கலந்த இறைச்சிப் பூரணத்தை அதன் வயிற்றுக்குள் அடைத்து, வெள்ளை நூலால் தைத்து முடிக்கிறார். பிறகு சின்னக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார். செஸ்ட்நட் சேராத இந்தப் பூரணம் கழுத்துத் தோலுக்குள் போகும். செஸ்ட்நட்டைக் கண்டாலே பிடிக்காத மகள் மயேலின் பங்கு அது. அப்பாவோடு சண்டை போட்டு லியோன் நகரத்துக்குப் போனவள் மூன்று கிறிஸ்துமஸாக வரவில்லை. எதிரே செஸ்ட்நட் உரித்துக்கொண்டிருக்கும் அவர் தங்கை ஒதிலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போன வருஷமும் கழுத்தப் பூனைதான் தின்னுச்சு. இந்தத் தடவையும் அதுக்குத்தானா அண்ணே?" "வெறுமனே விட்டா தோல் சுருங்கிரும்." "ஒரு போன் பண்ணா உன் தோல் சுருங்கிருமோ?" அவர் ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நூல் கோர்க்கப் பார்க்கிறார். நாலாவது தடவையும் நூல் விலகிப் போகிறது. ஒதில் எழுந்து வருகிறாள். ஊசிக்காகத்தான் வருகிறாள் என்று அவர் கையை நீட்டுகிறார். அவளோ சின்னக் கிண்ணத்தின் மேல் குனிந்து, எப்படியோ அதில் தெறித்து விழுந்திருந்த ஒரு செஸ்ட்நட் துணுக்கை நகத்தால் கிள்ளியெடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள்.