கன்லிஜா துறையில் ஒரே ஒரு வாக்கியம்

காதலுக்கு மொழி தேவையில்லை. மனித குலம் ஒருமனதாக ஒப்புக்கொண்ட பேருண்மை இது.

இஸ்தான்புல்லில் தொடர் எடுத்துப் பிழைக்கும் எங்களுக்கு இதில் கூடுதல் நம்பிக்கை உண்டு. தொலைக்காட்சிக்காரர்கள் வாராவாரம் ஒரு பகுதி கேட்பார்கள். ஒரு பகுதி இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். அவ்வளவு நேரத்துக்கு வசனம் எழுதக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே காதலர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வயலின் வாசிக்கும். மறுபடியும் பார்ப்பார்கள்.

இந்தப் பார்வையின் பேரரசர் ஹல்தூன். ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருக்கும் இயக்குநர். நாங்கள் அவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவோம். வேறு மாதிரி கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

இந்த முறை அவர் எடுத்தது ஓடிடி தொடர். பெர்ரான் என்ற எழுத்தாளரின் காதல் நாவல். எட்டே பகுதிகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம்.

நாவலை ஹல்தூன் வாங்கியிருந்தார்; படித்தாரா என்பது வேறு விஷயம்.

அன்று கடைசிக் காட்சி. கன்லிஜா படகுத்துறையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கெனான் படகேறிப் போகிறான். கரையில் நிற்கும் செல்மா அவனைப் பார்க்கிறாள். ஹல்தூனின் திட்டம் அவ்வளவுதான். பார்க்கிறாள்.

நாவலில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: காத்திருக்க மாட்டேன், கெனான்.

அதைச் சொல்ல வைக்கத்தான் பெர்ரான் நானூறு பக்கம் எழுதினார். சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றால், ஆயுளுக்கும் காத்திருக்கும் பெண்களில் செல்மாவும் ஒருத்தி ஆகிவிடுவாள். அப்படிப்பட்ட பெண்கள் எங்கள் தொடர்களில் ஏற்கெனவே ஒரு மாவட்டத்துக்குப் போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஒப்பந்தப்படி, படப்பிடிப்பில் வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டுமே பெர்ரானுக்கு உண்டு. அறுபது தாண்டியவர். முழங்கால் வேறு சரியில்லை. தன் மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்துபோய், கேமராவுக்கு நேர் முன்னால் விரித்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஹல்தூன் அவர் அருகே போய்க் குனிந்தார். தேவாலயத்துக்கும் மசூதிக்கும் பொதுவான ஒரு குரல் அவரிடம் உண்டு; அதை எடுத்தார். “பெர்ரான் அக்கா, ஒரு பொண்ணோட கண்ணு பேசறப்ப வாய் எதுக்கு?”

“உங்க பொண்ணுங்க கண்ணு பேசறத இருபது வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன், தம்பி. என்ன பேசுதுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.”

விளக்கு பிடித்திருந்தவர் இருமினார். அது இருமல் இல்லை.

படகின் மேல்தட்டிலிருந்து கெனானாக நடிக்கும் தோருக் கத்தினான். “வாத்தியாரே, குளிருது! நான் இவளை விட்டுட்டுப் போறேனா, இல்லியா?”

தயாரிப்பு நிர்வாகி வந்தார், கெஞ்சினார். பெர்ரான் அசையவில்லை. வார்த்தை வந்தால் பார்வை உடைந்துவிடும் என்று ஹல்தூன் விளக்கினார். உடையட்டும் என்றார் பெர்ரான். அப்புறம் ஸ்டுடியோவில் குரலை ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சமாதானம் பேசினார்.

“ஒட்டறதுக்கு இதென்ன தபால்தலையா? இங்கயே, இந்தக் காத்துலயே அவ சொல்லணும். சொன்னா எந்திரிக்கிறேன்.”

செல்மாவாக நடிக்கும் பெண் அதுவரை வாய் திறக்கவில்லை. எங்கள் தொடர்களில் கதாநாயகிகள் அப்படிப் பழகியவர்கள். அவள் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: “வாத்தியாரே, எனக்கும் சொல்லணும்போலத்தான் இருக்கு.”

சூரியன் எதிர்க்கரை மலைக்குப் பின்னால் பாதி போயிருந்தது. மறுநாள் படகு கிடையாது. ஹல்தூன் வானத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். நீளமான பார்வைதான். வயலின் மட்டும் இல்லை.

“சரி. சொல்லட்டும்.”

பெர்ரான் நாற்காலியை மடக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. செல்மா இரண்டடி முன்னால் வந்தாள். கத்தவில்லை. அழவுமில்லை. கதவைச் சாத்துகிறவள் போல, தனக்கும் அவனுக்கும் கேட்கும் அளவுக்கு மட்டும் சொன்னாள்.

“காத்திருக்க மாட்டேன், கெனான்.”

அவள் இதைச் சொல்லப் போகிறாள் என்று மேல்தட்டில் இருந்த தோருக்குக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆறு வருட நடிப்பு வாழ்க்கையில் முதல்முறையாக அவன் முகத்தில் ஏதோ நடந்தது.

ஹல்தூன் “கட்” சொல்ல மறந்துபோனார். படகு தூரத்தில் புள்ளியாகும்வரை கேமரா ஓடியது. பிறகு துறை முழுக்கக் கைதட்டல். ஒப்பனைக்காரப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். செல்மாவாக நடித்தவள், இன்னொரு தரம் இப்படி வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹல்தூன் பட்டுத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, சின்னதாக ஓர் உரை ஆற்றினார். இலக்கியத்துக்கு முன்னால் கேமரா மண்டியிட வேண்டும் என்றார். இந்த வாக்கியத்துக்காகத்தான் இந்த நாவலையே தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார்.

பெர்ரான் அதை மறுக்கவில்லை. ஜெயித்தவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வெறும் கரையைப் பார்த்தபடி, கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றார்.

பார்வைக் காட்சி என்றால், ஒலிப்பதிவு ஆட்கள் மைக்குகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கம்.

காட்சி மாறிவிட்டது என்று யாரும் போய் அவர்களிடம் சொல்லவில்லை.