ஒருவேளை சார்

“உயிரோடதான் இருக்கீங்களா சார்?”

“இருக்கேன். இதுல என்னப்பா சந்தேகம்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் பெரியவர்.

குமாஸ்தாவுக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். இந்த வருஷம் சரிபார்க்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. வந்திருப்பவரோ, கல்லூரியில் மூன்று வருஷம் தத்துவம் நடத்தி அவன் உயிரை வாங்கிய பேராசிரியர்!

பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஒருவேளை சார்’. தொப்பலாக நனைந்துகொண்டே, “மழை பெய்யுதுன்னு எப்படி உறுதியாச் சொல்ற?” என்று கேட்கிற ஆள். விடைத்தாளில் ‘நிச்சயம்’ என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் காலி. அவரை அவன் திட்டாத நாளில்லை. ஆனால் அவர்மேல் வைத்த பாசத்தை வேறெந்த வாத்தியார்மேலும் வைத்ததில்லை.

“என்னை ஞாபகம் இருக்கா சார்? உங்க மாணவன்.”

“உன்னை மறப்பேனா!”

“இதெல்லாம் கனவா இருக்கலாமே சார்?”

“கனவா? ரெண்டு பஸ் மாறி, நின்னுக்கிட்டே வந்திருக்கேன். என் முழங்காலைக் கேளு.”

“நான், நான்னு சொல்றீங்களே, அந்த ‘நான்’ யாரு?”

“நல்லாக் கேட்ட போ! பென்ஷன் அட்டையில படம் இருக்குல்ல, அதுதான் நான்.”

குமாஸ்தா அட்டையைப் பார்த்தான். அதே வழுக்கை, அதே மூக்கு. அவன் குரலில் இப்போது குறும்பு குறைந்திருந்தது.

“இது மேசைதானா சார்?”

பெரியவர் மேசையை ஓங்கித் தட்டினார். “இது மேசை. நான் உயிரோட இருக்கேன். நீ வேலையை விட்டுட்டு வாயடிக்கிற. மூணும் நிச்சயம்! முத்திரையைக் குத்துப்பா.”

கையிலெடுத்த முத்திரையைக் குமாஸ்தா கீழே வைத்தான். பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி குனிந்தான்.

“ஒரே ஒரு தடவையாவது ‘ஒருவேளை’ன்னு சொல்லிட மாட்டீங்களான்னுதான் இவ்வளவு நேரம் கேட்டுப் பார்த்தேன். ‘எனக்கு ரெட்டையாப் பிறந்த தம்பி ஒருத்தன் இருக்கான், ஒருவேளை’ன்னு சார் வகுப்புல சொல்லியிருக்காரு. சொல்லுங்க, உங்க அண்ணன் எப்ப தவறிட்டாரு?”