ஒன்பது நிமிடம்

பெயர்ப் பலகைக்கு வெட்டிய ஸ்டிக்கரில், எழுத்துகளைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியை உரிக்கும் மெஷினை அந்த போர்டு கடைக்குக் கொண்டுவந்திருந்தார் விற்பனையாளர். அதே வேலையைப் பதினெட்டு வருடமாகக் கையால் செய்பவள் எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கையிலிருந்த ஆர்டரையே மெஷினுக்கும் அவளுக்கும் போட்டியாக வைத்தார் முதலாளி.

மெஷினுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. அவளுக்கு ஒன்பது.

"பார்த்தீங்களா? இந்தக் கை இருக்கறப்ப எனக்கெதுக்கு மெஷின்? எடுத்துட்டுக் கிளம்புங்க!" முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம்தான் எழுத்துகளைப் படித்தார்.

"யாரு கடைம்மா இது? நம்ம தொழிலாவே இருக்கே?"

"என் கடைதாங்க. திங்கட்கிழமை திறக்கிறேன்" என்றவள் விற்பனையாளரிடம் திரும்பினாள். "அண்ணே, மெஷினை அங்க இறக்கிடுங்க. என்னை மாதிரி ஒரு ஆளுக்கு நான் எங்க போறது?"