கோட்டையின் உச்சி ஜன்னல்

பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் ஒரு கோட்டை நின்றது. உண்மையில் அது மூன்று மாடி உயரம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பத்து மாடி போலத் தெரியவேண்டும் என்று, மேலே போகப் போக ஜன்னல்களைச் சின்னதாக்கிக் கட்டியிருந்தார்கள். உச்சி ஜன்னல் டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது.

அந்த ஜன்னலுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு மனுஷத் தலைகூட என் வழியா எட்டிப் பார்க்க முடியாது. இதுவும் ஒரு பிழைப்பா?" என்று கத்தியது.

"வாயை மூடு," என்றது கோட்டை. "நீ சின்னதா இருந்தாத்தான் நான் பெரிசாத் தெரிவேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறாங்களே, அது உனக்கும் பெருமைதானே?"

"பெருமை உனக்கு, குறுகிக் கிடக்கிறது நானா?"

ஒரு நாள் மத்தியானம், ஒரு குரங்கு விறுவிறுவென்று ஏறி உச்சி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாதாரணக் குரங்குதான். ஆனால் ஜன்னலைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. கீழே நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். "அட, இது பொம்மை வீடுங்க! நம்ம மொட்டை மாடியைவிடக் கொஞ்சம்தான் உசரம்!" கூட்டமே கைகொட்டிச் சிரித்தது.

கோட்டைக்கு அவமானம் தாங்கவில்லை. குரங்கை அது ஒன்றும் சொல்லவில்லை. குரங்குக்குக் கடிக்கத் தெரியும். உச்சி ஜன்னலைப் பார்த்துத்தான் சீறியது:

"எல்லாம் உன்னாலதான்! நீ கொஞ்சம் பெரிசா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"